பாதாளக் கரண்டி முதல் எண்ணெய்க் கிணறு வரை: கிணற்றுக் கழிவகற்றலும் கலைச்சொல்லும்

முன்னுரை
கிணற்றுள் விழுந்த வாளியை மேலே நின்றபடியே மீட்கப் பயன்பட்டது, பல கொக்கிகள் கொண்ட பாதாளக் கரண்டி. கண்ணுக்குப் புலனாகாத ஆழத்திலுள்ள பொருளை மேலிருந்தே பற்றியெடுக்கும் இந்நெறியே எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவகற்றலுக்கும் அடிப்படையாகும். அத்தொழிலில் இச்செயல் ‘மீன்பிடிப்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் வழங்கப்படுகிறது.

கழிவின் தன்மை
கழிவு நிலத்துக்கேற்ப மாறும். விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனப் பகுதி கடும்பாறை நிலம். அங்கு ஆழ்துளைக் கிணற்றில் பாறைத்துகள் சேரும். கல்மரங்கள் காணப்படும் திருவக்கரைப் பகுதி மணற்பாறைப் படிவு. அங்கு மணல் புகும். காவிரிப் படுகையின் நரிமணம், புவனகிரி எண்ணெய்க் கிணறுகளும் படிவுப்பாறையில் அமைந்தவையே. எண்ணெய்க் கிணறுகளில் மணலோடு இரும்புச் சீவல், சிமெண்டுத் துண்டு, உடைந்த கருவிப் பகுதி ஆகியவையும் தங்கும்.

கருவிகள்
இரும்புச் சீவலைக் காந்தம் ஈர்க்கும். குழாய்ச் சுவரில் படிந்ததைச் சுரண்டி பெயர்க்கும். சிறு துண்டுகளைக் கூடைக்கருவி ஏந்தும். மணலை அடிவால்வுடைய வாளி அள்ளும். ஆழ்துளைக் கிணற்றைக் கம்ப்ரசர் காற்றால் தூய்மை செய்வர். எண்ணெய்க் கிணற்றில் இம்முறை இடர் மிக்கது. காற்று எரிவாயுவுடன் கலந்தால் வெடிக்கக்கூடும். மேலும், நிலத்தடி அழுத்தத்தைத் தடுத்து நிற்பது கிணற்றிலுள்ள திரவத்தின் எடையே. எனவே அத்திரவத்தைச் சுழலவிட்டே கழிவை மேலேற்றுவர்.

முடிவுரை
எஞ்சிய கழிவு எண்ணெய் வரும் துளைகளை அடைக்கும். வால்வுகளை இயங்காமற் செய்யும். கருவி சிக்கி மீளாவிடின் கிணற்றின் அப்பகுதியையே கைவிட நேரும். இத்தொழிலுக்குரிய கலைச்சொல்லாக்கத்தில், கொக்கியால் பற்றும் கருவிக்குப் ‘பாதாளக் கரண்டி’ என்னும் வழக்குச்சொல்லே பொருந்தும்.