பழைய தாருக்குப் புது வாழ்வு

குன்றைக் குடைந்து கோயில் கண்ட நாடு புதுக்கோட்டை. சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் திருமயமும் அதற்குச் சாட்சி. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1974-ல் தனி ஜில்லாவாயிற்று. ஆட்சிகள் மாறினாலும் கல்லின் பெருமை மாறவில்லை. ஆனால் இன்று அந்த ஜில்லாவின் குவாரிகளில் பாறையை வெடி வைத்துப் பிளந்து, ஜல்லியாக்கி, லாரிகளில் ஏற்றுகிறார்கள். ரஸ்தாவுக்கு ஜல்லி வேண்டியதுதான். எனினும், உடைத்த குன்று மறுபடி வளராது. ஆகவே நாம் ஒன்று கேட்கிறோம்: முன்பு போட்ட ரஸ்தாவிலுள்ள கல்லும் தாரும் என்ன ஆகின்றன?

பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போடுவது நெடுநாளைய வழக்கம். அதனால் தெரு உயர்ந்தது; வீடு தாழ்ந்தது; மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்கே விருந்தாளியாக வந்தது. 2021-ஆம் ஆண்டில் தமிழகத்தின் தலைமைச் செயலாளராயிருந்த வெ. இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதுத் தளம் போட வேண்டுமென்று உத்தரவிட்டார். மிக நல்ல உத்தரவு. ஆனால் சுரண்டியதைப் பள்ளத்தில் கொட்டிவிட்டால் பாதி வேலைதான் ஆனதாகும்.

அந்தக் குவியலில் என்ன இருக்கிறது? 100 கிலோவில் ஏறக்குறைய 95 கிலோ கல். 5 கிலோ தார். கல்லுக்கு மூப்பு அவ்வளவாக இல்லை. தாரோ, கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் பிட்டுமன். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வருகிறது. குப்பையென்று கொட்டுவது தேசத்தின் பணத்தை அல்லவா?

தாரில் எண்ணெய்ப் பசையும் உண்டு, கெட்டிப் பொருளும் உண்டு. வெயிலும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து பசையைக் குறைத்துக் கெட்டியை மிகுவிக்கின்றன. இதைச் சோதிக்க ஓர் ஊசி இருக்கிறது. 25 பாகை சென்டிகிரேட் வெப்பத்தில், 100 கிராம் பாரத்துடன், 5 வினாடியில் அது தாருக்குள் எவ்வளவு இறங்குகிறதென்று அளப்பார்கள். இளந்தாரில் ஆழமாக இறங்கும். முதிர்ந்த தாரில் இறங்கத் தயங்கும். அத்தகைய தார் வண்டிப் பாரத்துக்கு வளையாமல் வெடிக்கும், வெடிப்பில் நீர் புகும், பிறகு பள்ளந்தான்.

இதற்கு மருந்து உண்டு. சுரண்டியதைச் சலித்து, இளகிய புதுத் தாரையோ புத்துயிர் எண்ணெயையோ அளவறிந்து சேர்த்து, புது ஜல்லியுடன் சூடாகக் கலந்தால் பழைய தார் மறுபடி கல்லைப் பற்றும். பழைய நகையை அழித்துப் புது நகை செய்யும் வீடுகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? ஆனால் உரைத்துப் பாராமல் தட்டான் உருக்குவதில்லை. இங்கும் அப்படித்தான். எண்ணெய் மிகுந்தால் தளம் குழைந்து சக்கரத்தடம் விழும், குறைந்தால் வெடிக்கும். நெருப்பு நேரே பட்டால் தார் கருகும். குவியலை மழையில் நனையவிட்டால் அதை உலர்த்தவே எரிபொருள் செலவாகும்.

1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்கர் இந்த வழியில் ஊக்கத்துடன் இறங்கினர். நம் நாட்டிலும் 1934-ல் தோன்றிய இந்திய ரோடு காங்கிரஸ், 2015-ல் இதற்கென விதிமுறை நூலொன்றை வெளியிட்டிருக்கிறது. வழி தெரியாதென்று சொல்வதற்கில்லை.

ஆகவே, உங்கள் தெருவில் பழைய தளத்தைச் சுரண்டும்போது, "இது எங்கே போகிறது?" என்று கேளுங்கள். எத்தனை டன் எடுத்தார்கள், எத்தனை டன் திரும்பவும் ரஸ்தாவில் சேர்ந்தது என்ற கணக்கு காண்டிராக்டுப் பத்திரத்தில் ஏறட்டும். அந்தக் கணக்கில் சேரும் ஒவ்வொரு டன்னுக்கும், புதுக்கோட்டைக் குன்றுகளில் ஏறக்குறைய ஒரு டன் கல் உடைபடாமல் நிற்கும்.