லண்டன் களிமண்ணும் நம்மூர் கரிசலும்

கோடையில கோவில்பட்டிப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். கரிசக்காட்டுல கால் உள்ளே போற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். அதே கதை லண்டன்லயும் நடக்குது. எப்பவும் தூறிக்கிட்டே இருக்கிற ஊர்ல மண்ணு எங்கேய்யா காயப்போகுதுன்னு கேக்காதீங்க, காயுது. இங்கே வெடிக்கிறது வீட்டுச் சுவர்!

இந்த ஊருக்கு அடியில பெரும்பகுதி, 'லண்டன் களிமண்'னே பேர் வாங்கின மண்ணு. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடியில படிஞ்சது. ட்யூப் ரயிலுக்குச் சுரங்கம் குடைய அம்சமான மண். மேலே வீடு கட்டினவங்க பாடுதான் திண்டாட்டம்.

மணல் மாதிரி இது உருண்டைப் பருக்கை இல்லை. 2 மைக்ரானுக்கும் சின்னதான தட்டையான துகள்கள், அப்பளக்கட்டு மாதிரி. இடையில புகுந்த தண்ணி அவற்றை விலக்கி வைக்கும். ஸ்மெக்டைட்ங்கிற கனிமம் தன் அடுக்குக்குள்ளேயே தண்ணியை வாங்கி உப்பும். அது கரிசல்ல ஏராளம், லண்டன் களிமண்லயும் உண்டு. காயக் காய, மிச்சமிருக்கிற தண்ணி துகள்களை இழுத்து நெருக்கும். மண் சுருங்கும்.

ஆனா சுருங்கினா மட்டும் வெடிக்காது. கீழ்நோக்கிச் சுருங்கத் தடையில்லை, மட்டம் இறங்கும், அவ்வளவுதான். பக்கவாட்டுல சுருங்கத்தான் அடியில இருக்கிற ஈரமண் விடாது. மண்ணுக்கு அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. பிய்ஞ்சிடும். அந்த வெடிப்பு வழியா வெயிலும் காத்தும் இறங்க, இன்னும் ஆழமா காயும்.

நம்ம சம்சாரிக்கு இது நல்லதும்கூட. மேல்மண் வெடிப்புல விழுந்து அடிமண்ணோட கலக்கும், முதல் மழை ஆழமா இறங்கும். தன்னைத்தானே உழுதுக்கிற மண்ணுன்னு சொல்லலாம். வீடு கட்டத்தான் ஆகாது. ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதுக்காகவே அண்டர் ரீம்டு பைல் முறையை வளர்த்தெடுத்தது. அடியில குடை மாதிரி விரிஞ்ச தூண், சுருங்கி விரியும் மேல்மண்ணைத் தாண்டி ஆழத்துல ஊன்றி நிக்கும்.

லண்டன்ல விக்டோரியா காலத்து வீடுகள் பலதுக்கு அஸ்திவாரம் அரை மீட்டர்கூட இருக்காது. 1971-ல வீட்டு இன்சூரன்ஸ்ல நிலம் இறங்குறதையும் சேர்த்தாங்க. 1976-ல கடும் வறட்சி. நஷ்ட ஈடு கேட்டு மனுக்கள் குவிஞ்சுது. 2022 ஜூலையில இங்கிலாந்து 40.3 டிகிரியைத் தொட்ட கோடையிலயும் அதேதான்.

பழி மரத்து மேல விழும். ஓக், வில்லோ வேரெல்லாம் ஆழத்துலேர்ந்து தண்ணி உறிஞ்சுங்கிறது நிஜம்தான். அதுக்காக உடனே வெட்டினா? உறிஞ்ச ஆளில்லாம மண் திரும்ப ஊறி உப்பி, வீட்டை மேலே தூக்கும். அந்த விரிசலைச் சரிபண்ண வருஷக்கணக்கா காத்திருக்கணும். அஸ்திவாரத்தை ஆழப்படுத்தச் செலவு அதிகம், கோடரி மலிவு. எனக்கென்னமோ பல இடத்துல மரம் விழுறது அதனாலதான்னு தோணுது.

வாடகைக்கு வீடு பாக்குற மக்களுக்கு: ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வா ஓடுற விரிசல், மேலே அகலமா கீழே ஒடுங்கி, 3 மி.மீ.க்கு மேல இருந்தா கவனிங்க. அதுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா இன்னும் நல்லா கவனிங்க :-) பென்சில்ல ரெண்டு முனையையும் குறிச்சு, தேதி போட்டு வைங்க. மாரியில மூடிக்கிட்டு அடுத்த கோடையில திறந்தா, களிமண் வேலை.