எலும்புக்குக் கட்டும் சாரம்

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். படியேறும்போது முழங்கால் மூட்டின் மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விசை தாக்குகின்றது. 60 கிலோ எடையுள்ளவரின் கால் ஒவ்வோர் அடியிலும் 180 கிலோ பளுவைத் தாங்குகின்றது எனலாம். அந்தக் கால் எலும்பில் விபத்தினால் ஒரு துண்டு போய்விட்டால் என்ன செய்வது?

சிறு முறிவு தானே கூடிவிடும். பெரிய இடைவெளி கூடாது. நோயாளியின் இடுப்பெலும்பில் சிறிது வெட்டியெடுத்து அங்கு வைப்பது வழக்கம். ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண்! எஃகுத் தகடு வைக்கலாமே எனின், எஃகின் விறைப்பு எலும்பைப்போல் பத்து மடங்கு. பளுவைத் தகடே வாங்கிக்கொள்வதால், வேலையற்ற எலும்பு மெலிந்துபோகின்றது.

கோழிக்கால் எலும்பொன்றைச் சில நாள் வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள். ரப்பர்போல் வளையும். கால்சிய உப்பு கரைந்து, கொலாஜன் என்னும் புரதம் எஞ்சுவதே காரணம். கொலாஜன் ஓர் இயற்கைப் பாலிமர். அதன் மூலக்கூறு மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டனர். (இராமச்சந்திரன் இயற்பியல் பேராசிரியர் என்பதை நம் மாணவர்கள் நினைவிற் கொள்க.)

எலும்பே பாலிமரும் உப்பும் சேர்ந்த கட்டடமாயின், அதனை மீண்டும் எழுப்பப் பாலிமரால் சாரம் கட்டலாமன்றோ? பாலிலாக்டிக் அமிலம் இதற்கு ஏற்ற பொருள்களுள் ஒன்று. உடலிலுள்ள நீர் அதன் சங்கிலியைச் சிறுகச் சிறுக அறுக்கின்றது. விளைவது தயிரிலுள்ள அதே லாக்டிக் அமிலம். செல்களும் இரத்தக் குழாய்களும் நுழைவதற்காகச் சாரத்தில் 100 மைக்ரானுக்கு மேற்பட்ட துளைகள் விடப்படுகின்றன.

ஆனால் அமிலம் ஓரிடத்தில் தேங்கினால் அழற்சி உண்டாகும். மேலும், இந்தப் பாலிமர் தனித்து எலும்புடன் ஒட்டுவதில்லை. 1969-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹெஞ்ச் உருவாக்கிய, எலும்புடன் ஒட்டும் கண்ணாடி இங்கு கைகொடுக்கின்றது. அதன் தூளைப் பாலிமரில் கலந்தால், கரைந்து வரும் சோடியம், கால்சியம் அயனிகள் அமிலத்தைத் தணிக்கின்றன. கண்ணாடியின் மேல் எலும்பின் உப்பையொத்த படிவும் தோன்றுகின்றது. அதனைச் செல்கள் பற்றிக்கொள்கின்றன. உயிர்ச்செயல் என்று கூறுவது இதனைத்தான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது கால அளவு என்பது என் கருத்து. சாரம் முன்னதாகக் கரைந்தால் இளம் எலும்பு நொறுங்கும். தாமதித்தால் எலும்பு வளர இடமிராது. சிறுவனின் எலும்பும் முதியவரின் எலும்பும் ஒரே வேகத்தில் வளர்வதுமில்லை. பாலிலாக்டிக் அமிலத்தின் விறைப்போ ஏறத்தாழ 3 கிகா பாஸ்கல். கெட்டியான எலும்பினுடையது 15 முதல் 20 வரை. ஆகவே பல்லைச் சுற்றிய தாடைக் குழி போன்ற பளு குறைந்த இடங்களுக்கே இத்தகைய சாரம் எளிதில் பொருந்துகின்றது. கால் எலும்பில் வைப்பதாயின் உலோகத் தகட்டின் துணை இன்றும் வேண்டியிருக்கின்றது.