எப்படி இயங்குகிறது? கொன்ரோலரும் கூழ்ச்சட்டியும்

ஒடியல் கூழ் காய்ச்சும்போது ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கின் மாவை, முதலில் போடுவதில்லை. தண்ணீர் கொதித்து, அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் என்று அவியச் சுணங்கும் சாமான்கள் அவிய வேண்டும். நண்டும் இறாலும் மீனும் விழ வேண்டும். அரைத்த செத்தல் மிளகாய்க் கூட்டுச் சேர வேண்டும். அதன் பிறகுதான் புளியோடு கரைத்த மா இறங்கும். அதுவரை சட்டிக்குள் இருப்பது தண்ணிச்சாறு. நண்டு ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். மா இறங்கிச் சூடு ஏறியதும் அதிலுள்ள மாப்பொருள் நீரை உறிஞ்சி வீங்கி, சட்டியில் கிடந்த எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. கூழின் ருசியில் பெரும்பங்கு நண்டுக்கும் மீனுக்கும் புளிக்கும் உறைப்புக்கும் உரியது. தடிப்பு மட்டும் மாவினுடையது.

சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேம் ஒருவருடைய குணத்திலும் சிநேகத்திலும் செய்கிற வேலையை விளக்க எனக்கு இந்தச் சட்டியே போதும். கேம் பிள்ளைக்குள் இல்லாத குணத்தைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிற பொறுமை, அவசரம், பங்கிடும் மனம், தோற்றால் வரும் கோபம், பக்கத்தில் குந்தியிருக்கிற ஆட்கள், அந்த வீட்டின் ஒழுங்கு ஆகியவற்றைத்தான் அது பிடித்துத் தடிப்பாக்குகிறது. ஒரே கேமை விளையாடிய இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக வளர்வதன் காரணம் இதுதான். மா ஒன்று, சட்டிக்குள் கிடந்தது வேறு.

யாழ்ப்பாணத்து அரியாலைக்கு இந்த மா, அதாவது வீடியோ கேம், பிந்தித்தான் வந்தது. நின்ரெண்டோ தன் ஃபமிகொம் பெட்டியை யப்பானில் விற்கத் தொடங்கியது 1983 யூலையில். அதே மாதத்தின் கடைசி வாரத்தில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 1985இல் சூப்பர் மரியோ வெளிவந்தபோது குடாநாட்டுப் பெடியள் வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். 1990 யூனில் போர் மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. ரீவிக்கு அந்த வித்தை காணாது. உலகத்துப் பிள்ளைகள் மரியோவோடு வளர்ந்த ஆண்டுகளில் அரியாலைப் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாட்டோடு வளர்ந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் வலிகாமப் பகுதியே ஊரோடு பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, கிளித்தட்டுக்குக் கோடு போட்ட அந்தக் கூட்டங்களும் கலைந்தன. அடுத்த ஆண்டு பலர் திரும்பி வந்தார்கள். வன்னிக்கும் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனவர்களில் பலர் வரவில்லை.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 வீதி திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய நாட்களில்தான் ‘ரீவி கேம்’ பரவலாகக் கண்ணில் பட்டது. நின்ரெண்டோவைப் பார்த்துச் செய்த மலிவான நகல் பெட்டிகள். கசெற்றின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் அதே சில கேம்கள் பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தாலே பெரிய காரியம். கொன்ரோலர் இரண்டு. பாயில் குந்தியிருப்பவர்களோ அதற்கு மேல் எத்தனையோ பேர். இந்தப் பற்றாக்குறையை நான் இரக்கத்தோடு சொல்லவில்லை. அந்தத் தலைமுறையின் குணத்தில் கேம் செய்த வேலையில் பாதியை இந்தப் பற்றாக்குறையே செய்தது.

எப்படி என்று பார்ப்போம். சூப்பர் மரியோவில் இரண்டு பேர் ஆடலாம், ஆனால் சேர்ந்து ஆட முடியாது. ஒருவர் மரியோ, மற்றவர் லூயிஜி. மரியோ சாகும்வரை லூயிஜி காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்கு மற்றவன் சாக வேண்டும் என்ற ஆசை இருக்கும். அவன் புதிய இடத்துக்குப் போவதைப் பார்க்கும் ஆவலும் இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்குள் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் இழுபடும். “டேய், குழி இருக்கு, பாய்!” என்று கத்தி எச்சரிக்கிறவனும் இருந்தான்; வாயைப் பொத்திக்கொண்டு விழட்டும் என்று இருக்கிறவனும் இருந்தான். அந்த வித்தியாசத்தைக் கேம் உண்டாக்கவில்லை. மாலைக்கு மாலை அதைச் செய்துபார்க்க இடம் கொடுத்தது, செய்யச் செய்ய அது உறைந்தது.

கொன்ட்ராவில் கதை வேறு. கொனாமி நிறுவனத்தின் அந்தக் கேமில் இரண்டு பேரும் ஒரே திரையில் சேர்ந்து ஓடிச் சுடுவார்கள். மூன்றாவது கட்டம் ஒரு நீர்வீழ்ச்சி. பாறைக்குப் பாறை பாய்ந்து மேலே ஏற வேண்டும். முந்தி ஏறுகிறவனோடு திரையும் மேலே நகரும். பின்னால் வருகிறவன் திரையின் கீழ் விளிம்புக்கு வெளியே போனால், எதிரி எவனும் சுடாமலே செத்துப்போவான். கெட்டிக்காரன் தன் கெட்டித்தனத்தாலேயே தோழனைக் கொல்லக்கூடிய இடம் இது. “நில்லடா, நான் வாறன்” என்று கீழிருந்து ஒருவன் கத்த, மேலே நிற்பவன் குண்டுகளுக்கு நடுவே ஒரு பாறையில் நின்று தாமதிக்க வேண்டும். கேமை உருவாக்கியவர்கள் இதைப் பாடமாக நினைத்துச் செய்யவில்லை, திரை அப்படித்தான் நகரும். ஆனால் வேகமான பிள்ளை மெதுவான பிள்ளைக்காக நிற்பதற்கு இதைவிடத் தெளிவான பயிற்சியை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை.

கொன்ட்ராவில் சாதாரணமாக மூன்று உயிர். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அமுக்கிவிட்டுத் தொடங்கினால் முப்பது. கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ கிரேடியஸ் என்ற கேமைச் சோதிக்கும்போது, அது தனக்கே மிகக் கடினமாக இருந்ததால் 1986இல் செய்துவைத்த குறுக்குவழி இது. இணையம் எட்டாத ஒழுங்கைகளுக்கும் வாய்வழியாகவே வந்து சேர்ந்தது. அதை அறிந்தவன் சொல்லிக்கொடுத்தானா, ஒளித்து வைத்தானா என்பதிலும் ஒரு சிநேகம் முளைக்கலாம் அல்லது வாடலாம்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலில், சிறுவர்கள் போளை அடிக்கும்போது விதிகளை எப்படிப் பேசித் தீர்க்கிறார்கள் என்பதைக் கொண்டு, நீதியுணர்வு எப்படி வளர்கிறது என்று விளக்கினார். எங்கள் கிளித்தட்டிலும் இதுதான் நடந்தது. “தொட்டது”, “தொடேல்லை” என்ற வழக்கு விளையாட்டை விட நீளமாகப் போகும்; தீர்ப்புச் சொல்ல ஆளில்லாததால் பிள்ளைகளே தீர்த்தார்கள். வீடியோ கேமிலோ தீர்ப்பை இயந்திரம் சொல்லிவிடுகிறது. குண்டு பட்டதா என்று யாரும் வாதாட முடியாது. அப்படியானால் நீதியுணர்வு வளர இடமில்லாமல் போய்விட்டதா? போகவில்லை, திரையிலிருந்து பாய்க்கு இடம் மாறியது. செத்தால் கொடுப்பதா, ஒரு கட்டம் முடிந்தால் கொடுப்பதா? பொத்தான் இறுகிப்போன இரண்டாவது கொன்ரோலரை யார் எடுப்பது? பெட்டிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கூடுதல் முறை உண்டா? தங்கச்சிக்கும் ஒரு முறை கொடுக்க வேண்டுமா? கேமின் எந்த விதியும் தொடாத இந்தக் கேள்விகளைப் பெடியளே சட்டம் போட்டு, மீறி, சண்டை பிடித்து, மறுநாள் திரும்ப வந்து தீர்த்தார்கள். தங்கச்சிமார் பெரும்பாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பாய்களின் நீதி அவர்கள் பக்கம் வந்தபோது தளர்ந்துபோனது. அதுவும் உறைந்தது.

சரி, கசப்பு? ஒடியல் மாவில் ஒரு இயற்கைக் கசப்பு உண்டு. சமைக்கத் தெரிந்தவர்கள் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த மேல்நீரை வடித்து, மறுபடி ஊறவிடுவார்கள். கேமின் கசப்பு சுடுவதிலும் வெட்டுவதிலும் இருக்கிறது என்றுதான் பெற்றோர் பயப்படுகிறார்கள். ஒக்ஸ்ஃபோர்டின் அன்ட்ரூ ஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, பிரித்தானியாவின் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,004 பேரையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் கேட்டுப் பார்த்தது. வன்முறை கேம் ஆடுவதற்கும் பிள்ளையின் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தெரியவில்லை. அதே ஷிபில்ஸ்கி மற்றவர்களோடு சேர்ந்து 2014இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேமில் ரத்தம் இருக்கிறதா என்பதை விட, ஆடுகிறவர் திறமை காட்ட முடியாமல் தடுக்கப்படுகிறாரா என்பதே எரிச்சலைக் கிளப்புகிறது என்று அது காட்டியது. துளி ரத்தமும் இல்லாத டெட்ரிஸைக்கூட வேண்டுமென்றே கடினமாக்கினால் ஆடுகிறவருக்குக் கோபம் வரும்.

இதை அரியாலை ஒழுங்கைக்குக் கொண்டுவந்தால் எல்லாம் பொருந்துகிறது. கொன்ரோலரைத் தூக்கி எறிந்தது பொல்லாத பிள்ளை என்பதாலல்ல. இறுகிப்போன பொத்தான், தெரியாத பாய்ச்சல், சுற்றிவரச் சிரிப்பு. மரியோவிலும் கொன்ட்ராவிலும் ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. கரண்ட் நின்றால் எட்டாவது உலகம்வரை போனவனும் முதல் குழியிலிருந்து தொடங்க வேண்டும். நின்று நின்று வந்த கரண்டோடு வாழ்ந்த ஊரில் அது அடிக்கடி நடந்தது. அந்த நேரத்தில் கசப்பை வடித்தது யார்? பக்கத்தில் இருந்த ஒரு அண்ணை. “விடு, நாளைக்குப் பார்ப்பம்” என்று எழும்பிப் போகத் தெரிந்தவர். அல்லது பொத்தானில் பிள்ளையின் பெருவிரலைப் பிடித்து வைத்து, எப்போது விட வேண்டும் என்று காட்டியவர். அப்படி ஒருவர் இருந்த பாயில் வளர்ந்த பிள்ளைக்கு, இயலாமை வந்தால் கேட்டுப் பழகலாம் என்பது பழக்கமானது. இல்லாத பாயில் வளர்ந்தவனுக்குக் கத்துவதே பழக்கமானது. இரண்டு பேரும் ஆடியது ஒரே கேம்.

சேர்ந்து ஆடுவது திரைக்கு வெளியேயும் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் டேவிட் யூவோல்ட்சனும் கூட்டாளிகளும் 2012இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஹேலோ 2 என்ற சுடும் கேமைச் சிலர் ஒரே அணியாகவும் சிலர் எதிரெதிராகவும் ஆடினார்கள். பிறகு கேம் எதுவும் இல்லாமல், ஒத்துழைத்தால் இருவருக்கும் பயன் தரும் ஒரு காரியம் கொடுக்கப்பட்டது. அணியாக ஆடியவர்களிடமே ‘நீ செய்தால் நானும் செய்வேன்’ என்கிற நடத்தை அதிகம் தெரிந்தது. துவக்கு அதேதான், யாரை நோக்கி நீட்டினார்கள் என்பதுதான் வேறு.

அளவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மாவை அள்ளிக் கொட்டினால் கூழ் களியாகிவிடும். நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆடும் பிள்ளைகளிடம் கொஞ்சம் குறைபாடு தெரிகிறது, ஒரு மணித்தியாலத்துக்குள் ஆடுபவர்கள் ஆடாதவர்களை விடச் சற்று நன்றாகவே இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் விளைவு சிறியதுதான் என்று ஷிபில்ஸ்கியின் இன்னொரு ஆய்வு சொல்கிறது. ஆட்டத்தின் மேல் கட்டுப்பாடு இழந்து, மற்ற வாழ்க்கை பாதிக்கப்பட்டும் விட முடியாமல், அந்த நிலை வழமையாக ஒரு வருடமாவது நீடிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வைத்தியரின் உதவி வேண்டும், ஏச்சு உதவாது.

இப்போது பெட்டி இல்லை, ஒவ்வொரு கையிலும் போன். ஃபிரீ ஃபயர், பப்ஜி. மரியோப் பாயில் இருந்த எல்லாவற்றையும் போன் கெடுத்துவிட்டது என்று என் வயதுக்காரர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. போனது என்னவென்று சரியாகச் சொல்லலாம். முறைக்குக் காத்திருப்பது போயிற்று. பின்னால் நின்று பார்க்கிற அண்ணை போனார். பிள்ளை யாருடைய வசவைக் காதில் கேட்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. காசு கொடுத்து உடுப்பும் துவக்கு வர்ணமும் வாங்குகிற கடை ஆட்டத்துக்குள்ளேயே திறந்திருக்கிறது. காசில்லாத பிள்ளையைக் காசுள்ள பிள்ளை அங்கேயும் அடையாளம் காண்கிறது. இவை உண்மையான இழப்புகள்.

வந்தது என்ன? பப்ஜியில் நாலு பேர் ஒரு அணியாகப் போகலாம். ஒருவன் அடிபட்டு விழுந்தால் உடனே சாகமாட்டான், தவழ்வான். அவன் உயிர் குறைந்துகொண்டே போகும். இன்னொருவன் பக்கத்தில் வந்து சுமார் 10 செக்கன் அசையாமல் குந்தியிருந்தால் எழுப்பிவிடலாம். அந்தச் செக்கன்களில் அவனையும் சுட்டுவிடலாம். கொன்ட்ராவில் நின்ற அந்தப் பாறை இங்கேயும் இருக்கிறது. வித்தியாசம், விழுந்து கிடப்பவன் இப்போது ரொறன்ரோவில் இருக்கலாம்.

நோர்வேயில் மட்ஸ் ஸ்டேன் என்ற இளைஞர் தசை நலிவு நோயோடு சக்கர நாற்காலியில் வாழ்ந்து 2014இல் தன் 25ஆவது வயதில் இறந்தார். மகன் தனியாகவே வாழ்ந்து போனான் என்று நினைத்திருந்த பெற்றோருக்கு, அவர் ஆண்டுக்கணக்காக ஆடிய வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் தோழர்களிடமிருந்து ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்தன. சிலர் இறுதிச்சடங்குக்கே வந்து சேர்ந்தார்கள். முகம் பாராத சிநேகம் எப்படிச் சிநேகமாகும் என்று மற்ற ஊர்க்காரர் வியக்கலாம். அரியாலை வியக்கக் கூடாது. கடிதத்திலும் தொலைபேசியிலும் சகோதரத்தைக் காப்பாற்றிய ஊர் இது.

ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் கோடைகாலத்தில் இங்கே இரவு ஏழரை. சாப்பாட்டுக்கு முன் ஒரு ஆட்டம் போட அது இரண்டு பக்கமும் வசதியான நேரம். அங்கே பிறந்து, அம்மம்மாவோடு போனில் நாலு சொல்லுக்கு மேல் தமிழ் வராமல் தடுமாறுகிற மச்சான், ஹெட்போனில் “இடப்பக்கம் வாறாங்கள், பின்னுக்கு வாடா, நான் எழுப்பிறன்” என்று மூச்சுவிடாமல் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவன் அதை இங்கேயிருக்கிற பெடியனிடமிருந்து பழகினான். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு அவன் வந்து இறங்கும்போது இந்த இரண்டு பேருக்கும் அறிமுகம் தேவைப்படாது. யார் அவசரக்காரன், யார் விழுந்தவனை விட்டுவிட்டு ஓடாதவன் என்பது இருவருக்கும் முன்பே தெரியும்.