புகைக்கூட்டோடு மல்லுக்கட்டும் விசிறி

மட்டக்களப்பு வாவிக் கரையில் பழைய குசினி வீட்டுக்கு வெளியே தனியாக நின்றது. கிடுகால் கட்டிய மறைப்பு. காற்று எந்தப் பக்கத்தாலும் வந்து எந்தப் பக்கத்தாலும் போனது. 2004 சுனாமிக்குப் பின் திராய்மடுவில் எழுந்தவை போன்ற கல்வீடுகளில் குசினி வீட்டோடு ஒட்டிக்கொண்டது; சுவர் இறுகியது, கதவு பொருந்தியது. விறகடுப்பு மட்டும் போகவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை விறகில்தான் சமைத்தன. 2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது அடுப்பை மறந்திருந்தவர்களும் அதனிடம் திரும்பினார்கள். அதனால் புதுவீடு கட்டுகிறவர் புகைக்கூடும் வைக்கிறார், சுவரில் புகை இழுக்கும் மின்விசிறியும் பூட்டுகிறார். இரண்டும் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பிழை. காற்று உள்ளே வர வழி வைக்காத குசினியில் விசிறி புகைக்கூட்டைத் தோற்கடித்துவிடும்.

புகைக்கூடு இழுப்பது சூட்டின் பலத்தால். வெளிக்காற்று 30 பாகை, கூட்டுக்குள் புகை 150 பாகை என்றால், 3 மீற்றர் உயரக் கூட்டில் இழுவை ஏறக்குறைய 10 பஸ்கால். குளிர்நாட்டில் வெளிக்காற்று கனமானது என்பதால் அதே கூடு இன்னும் பலமாக இழுக்கும். நமது வெக்கையில் இழுவை இயல்பிலேயே குறைவு. சோறு வடித்து, கறி இறக்கி, அடுப்பில் தணல் மட்டும் மினுங்கும் நேரத்தைப் பாருங்கள். கூட்டுக்குள் சூடு 60 பாகைக்கு இறங்கினால் இழுவை 3 பஸ்காலுக்கு வந்துவிடும். கண்ணைக் கரிக்கும் புகையும் அப்போது அடங்கியிருக்கும். ஆனால் தணல்தான் காபனோரொட்சைட்டைத் தாராளமாக விடுவது. அதற்கு நிறமில்லை, மணமில்லை; இரத்தத்தின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகை போய்விட்டது என்று நாம் ஆறுதல் அடைகிற வேளையே ஆபத்தான வேளை.

அந்த வேளையில் விசிறி ஓடுகிறது என்று வையுங்கள். மணிக்கு 200 கன மீற்றர் காற்றை வெளியே தள்ளும் சிறிய விசிறிதான். தள்ளிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி போதாது. மிச்சக் காற்றை விசிறி புகைக்கூட்டின் வழியாகவே கீழே இழுக்கும். அடுப்பு மூச்சு விட வேண்டிய குழாய், அறை மூச்சு வாங்கும் குழாயாகிவிடும். சுவரின் அடியில் ஓரடிக்கு ஓரடி துளை வைத்தால் அதே விசிறிக்கு ஒரு பஸ்கால்கூட அழுத்தம் குறையாது. ஜேர்மனியில் அறைக் காற்றை எடுக்கும் அடுப்பும் காற்று இழுக்கும் கருவியும் ஒரே வீட்டில் இருந்தால் அழுத்தக் குறைவு 4 பஸ்காலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் விசிறியை நிறுத்தும் கருவி வேண்டும். நமக்கு அந்தக் கருவி தேவையில்லை, ஒரு துளையும் பூச்சி வலையும் போதும்.

யன்னலைத் திறந்தால் தீராதா என்று கேட்கலாம். திறந்திருந்தால் பெரும்பாலும் தீரும். ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் புழுதிக்காகவும் மார்கழி மாரியில் சாரலுக்காகவும் அதைச் சாத்துகிறோம். காற்று அடிக்கும் பக்கத்தைச் சாத்தி மறுபக்கத்தை மட்டும் திறந்தாலோ, அந்த யன்னலும் காற்றை வெளியே இழுத்து இன்னொரு விசிறியாகிவிடும். எதிர்ச்சுவர்கள் இரண்டிலும் துளை வைத்து, காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தைத் திறந்து மற்றதை அடைப்பதே நல்லது. விறகை மிச்சப்படுத்தும் அனாகி அடுப்பு இருக்கிறதே என்பார்கள். அது விறகைக் குறைப்பது உண்மை, ஆனால் அதற்கும் புகைக்கூடு இல்லை. எஞ்சும் புகை அறைக்குள்தான் வரும். புகைக்கூட்டை விட்டுவிட்டு விசிறியை மட்டும் நம்பலாமா? மின்வெட்டு நேரத்திலும் சமையல் நடக்கிறதே. விசிறி நிற்கும், புகைக்கூடு நிற்காது. அதனால் என் வரிசையில் முதலில் கூடு, அடுத்து துளை, கடைசியில்தான் விசிறி. அதுவும் தணலை அணைத்த பிறகு ஓடட்டும்.

குடிபுகும் முன் ஒரு சோதனை செய்யலாம். அடுப்பு மூட்டாமல், கதவு யன்னலைச் சாத்தி, விசிறியைப் போடுங்கள். புகைக்கூட்டின் வாயில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை இழை மேலே ஏறாமல் உங்கள் முகத்தை நோக்கித் திரும்பினால், சுவரில் துளை போட மேசனை அழையுங்கள்.