எண்ணெய் காட்டிக்கொடுக்கும் வயது

நூறு வருடப் பழைய ஓவியம் என்று ஒன்று விலைக்கு வருகிறது. துணி பழையதுதான், சட்டமும் பழையதுதான். இரண்டும் காசுக்குக் கிடைக்கும். விரிசலைக்கூடச் சூடுகாட்டி வரவழைத்துவிடலாம். பிறகு போலி எப்படிப் பிடிபடுகிறது?

நிறப்பொடியைக் குழைத்த ஆளிவிதை எண்ணெயில். ஆளிச்செடி வளரும்போது காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்கிறது. அதில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகையும் துளியளவு உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. சிதறிய நியூட்ரான்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கார்பன்-14 ஆக மாற்றின. வட அரைக்கோளத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரட்டிப்பானது. 1963-இல் தடை உடன்படிக்கை வந்தபின் மெல்லக் குறையத் தொடங்கியது. (மனிதகுலத்தின் அசட்டுத்தனம் கலை வரலாற்றுக்கு உதவிய அபூர்வ சந்தர்ப்பம்!)

அந்தக் காற்றில் விளைந்த விதையின் எண்ணெயில் கூடுதல் கார்பன்-14 இருக்கும். தூரிகை வித்தை எதுவும் அதை மறைக்காது. சோதனைக்கு ஒரு பொட்டு வண்ணம் போதும். யானைத் தந்தத்தின் வயதையும் இப்படியே கணிக்கிறார்கள்.

ஒரு குறை: அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன்பே தீட்டப்பட்ட போலிகளில் இந்தத் தடயம் இருக்காது.