காசோலையில் பெயர் பிழையானால்

காசோலையில் பணம் பெற வேண்டியவரின் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டாலே அது செல்லாது என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் காசோலைகளுக்கு அடிப்படையான 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், தன் 5ஆவது பிரிவிலேயே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பது தெளிவாக இருந்தால், பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தாலும் அவரே பெறுநர். ஆள் யார் என்பதில் ஐயம் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழ்ப் பெயர்களில் அந்த ஐயம் எளிதில் வந்துவிடும். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் 'கே எஸ்' சேர்த்தும் எழுதலாம், 'எக்ஸ்' போட்டும் எழுதலாம். எழிலரசியின் 'ழ'வுக்கு ஒருவர் 'இசட் ஹெச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். இவை காதுக்கு ஒன்றாகவே கேட்பவை. கவுண்டரில் இருப்பவருக்கும் அது தெரியும். இனிஷியல் அப்படியல்ல. கே. முருகனும் எம். முருகனும் ஒரே கிளையில் கணக்கு வைத்திருக்கும் இரண்டு பேராக இருக்கலாம். ஒற்றை எழுத்துதான் என்றாலும் ஆளையே மாற்றிவிடக்கூடிய பிழை இது. பாஸ்புக்கில் இனிஷியலோடு இருக்கும் பெயர் பான் அட்டையில் தந்தை பெயராக விரிந்திருப்பதும், திருமணத்துக்குப் பின் ஒரு பெண்ணின் இனிஷியல் தந்தையிடமிருந்து கணவருக்கு மாறுவதும் இங்கே அன்றாடம் நடப்பவை. கணக்கில் பழைய இனிஷியலும் காசோலையில் புதிய இனிஷியலுமாக நிற்கும் பெண்கள் செய்த தவறு எதுவும் இல்லை. ஆனாலும் அலைச்சல் அவர்களுக்குத்தான்.

பெயரைப் பார்த்து முடிவு செய்வது, பெரும்பாலும், காசோலையைப் போடும் வங்கிதான். பணம் கொடுக்கும் வங்கி தன் வாடிக்கையாளரின் கையெழுத்தையும் இருப்பையும் சரிபார்க்கும். பெறுநர் யார் என்பது அதற்குத் தெரியாது. பெறுநரை நேரில் அறிந்தது அவர் கணக்கு வைத்திருக்கும் கிளை. உரியவர் அல்லாதவர் கணக்கில் பணத்தைச் சேர்த்துவிட்டால் பின்னால் பதில் சொல்ல வேண்டியதும் அந்தக் கிளையே. நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் நடந்துகொண்ட வங்கிக்கு மட்டுமே சட்டத்தின் 131ஆவது பிரிவு பாதுகாப்பு தருகிறது. 'அக்கவுண்ட் பேயீ' என்று கோடு போட்ட காசோலையைப் பெறுநர் தவிர வேறொருவர் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கவுண்டரில் காட்டப்படும் கண்டிப்பு இங்கிருந்துதான் வருகிறது. அதைப் பிடிவாதம் என்று நினைப்பது நியாயமாகாது.

ஆகவே, பெயர் மாறிய காசோலையைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவது சரியல்ல. பெட்டிக்கு விளக்கம் சொல்ல முடியாது. பாஸ்புக்கையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். எழுத்து வேறுபாடு சிறிதாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கிளை ஏற்கலாம். பின்பக்கத்தில் கையெழுத்தும் கேட்கலாம். அப்போது காசோலையில் உள்ளபடியே பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, அதன் கீழே சரியான பெயரில் இன்னொரு கையெழுத்து போடுவது வங்கித் தொழிலின் பழைய வழக்கம்.

பெறுநர் தன் கையால் எழுத்தைத் திருத்துவது மட்டும் கூடவே கூடாது. அது காசோலையையே செல்லாததாக்கிவிடக்கூடிய மாற்றம். முன்பெல்லாம் கொடுத்தவர் திருத்தி, பக்கத்தில் முழுக் கையெழுத்து போட்டால் போதும். இன்று அதுவும் உதவாது. இப்போது கிளியரிங்குக்குக் காசோலைத் தாள் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. படத்தில் திருத்தம் நேர்மையானதா, மோசடியா என்று பிரித்தறிய முடியாது. அதனால் 2010 டிசம்பர் 1 முதல், படவழி கிளியரிங்குக்கு வரும் காசோலையில் தேதியைத் தவிர வேறு எதையும் திருத்த ரிசர்வ் வங்கி இடம் தருவதில்லை. பெயரோ தொகையோ பிழையானால் புதுக் காசோலைதான்.

கல்யாண மொய்யாக மணமக்கள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதித் தரும் காசோலை இன்னொரு வகைச் சிக்கல். பெயரில் பிழையே இல்லாவிட்டாலும், அது ஒருவருடைய தனிக் கணக்கில் ஏறுவது கடினம். கூட்டுக் கணக்கு வேண்டும். கடையின் பெயருக்கு எழுதியது முதலாளியின் சேமிப்புக் கணக்கில் சேராததும் இதைப் போன்றதே.

பெரிய தொகைகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் 'பாசிட்டிவ் பே' முறை நடப்பில் இருக்கிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு, கொடுப்பவர் தேதி, தொகை, பெறுநர் பெயர் ஆகியவற்றைத் தம் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம். ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி இதைக் கட்டாயமாக்கவும் செய்யலாம். அங்கே ஒரு பெயரும் காசோலையில் வேறு பெயரும் இருந்தால் அந்த முரண்பாடு கண்ணில் படும்.

பெயர் வேறுபாட்டால் காசோலை திரும்பினால், கொடுத்தவர் மோசடி செய்தார் என்று பொருளில்லை. 138ஆவது பிரிவின் குற்ற வழக்கு, கணக்கில் பணமில்லாமல் திரும்புவதைப் பற்றியது. சண்டைக்குப் போகாமல், பழைய காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதைக் கேட்பதே முறை. அதையும் தள்ளிப்போடக் கூடாது. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள், அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்றே மாதம். கொடுப்பவர்களும் பேனாவை எடுக்கும் முன், வாங்குபவரின் பாஸ்புக் முதல் பக்கத்தை ஒருமுறை கேட்டுப் பார்த்து, அதில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.